ஏபிஎஸ் யூனிட்டை மாற்றச் சொன்னார்கள். பழுது இருந்ததோ ஹப் பேரிங்கில்

ட்ராக் டேக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாளுக்கு, எடுத்துச்செல்லும் காரில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தால், பட்டறைகளில் முதலில் காதில் விழும் தீர்ப்பு "யூனிட் போய்விட்டது, மாற்றியாக வேண்டும்" என்பதுதான். எனக்கும் அதையே சொன்னார்கள். பல லட்ச ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டு, பாதித் தொகையை முன்பணமாகக் கட்டினால்தான் வெளிநாட்டில் ஆர்டர் கொடுப்போம் என்றார்கள். அந்த யூனிட் இன்றும் அதே காரில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. பழுது இருந்தது வலது முன்சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் ஹப் பேரிங்கில். அதைக் கண்டுபிடிக்க ஆன அலைச்சலில் பெரும்பகுதி தேவையற்றது என்பதால், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று விவரமாக எழுதுகிறேன்.

கார் இறக்குமதியான, பின்சக்கர இயக்கமுள்ள இரண்டு இருக்கை வண்டி. வயது பத்தைத் தாண்டிவிட்டது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.7 கி.மீ. தடத்தில்தான் பெரும்பாலும் ஓட்டுகிறேன். ஆனால் தொந்தரவு தடத்தில் தொடங்கவில்லை. சிக்னலில் மெதுவாக வந்து நிற்கும்போது, வேகம் 10 கி.மீ.க்குக் கீழே இறங்கிய கடைசிச் சில மீட்டர்களில், நன்கு உலர்ந்த சாலையிலும் ஏபிஎஸ் காரணமின்றி விழித்துக்கொண்டு பெடலைக் கடகடவென்று உதறியது. விளக்கு எதுவும் எரியவில்லை. ஸ்கேனரிலும் கோட் (பழுதுக் குறியீடு) எதுவும் பதிவாகவில்லை. இந்த அறிகுறியை யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம். வேகம் குறையும்போது ஒரு சக்கரத்தின் வேக சென்சார் தரும் சிக்னல் மட்டும் மற்ற மூன்றுக்கும் முன்பாகவே பூஜ்யத்துக்கு விழுந்தால், அந்தச் சக்கரம் லாக் ஆகிவிட்டதாக, அதாவது சுழலாமல் சறுக்குவதாக எண்ணி, ஏபிஎஸ் யூனிட்டின் கணினியான மாட்யூல் அதன் பிரேக் அழுத்தத்தை விடுவிக்கிறது. சிக்னல் பலவீனமாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு கிடைக்காது.

அடுத்து வந்த ட்ராக் டேயில், பிரேக் நன்றாகச் சூடேறிய பிறகு, நீண்ட இடது வளைவின் நடுவில் ஏபிஎஸ் விளக்கும் ட்ராக்‌ஷன் விளக்கும் ஒன்றாக எரிந்தன. அடுத்த பிரேக்கிங் இடத்தில் முன் டயர் ஒன்று லாக் ஆகி, புதிய டயரில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துபோனது. பிட்டுக்கு (தடத்தோரம் வண்டியை நிறுத்தும் இடம்) வந்து எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கியதும் விளக்குகள் அணைந்துவிட்டன. பிரேக் ஆறிய நிலையில் எல்லாம் சரியாக இருந்தது. சூடேறி, அதே போன்ற வளைவு வந்ததும் மறுபடி எரிந்தன. சூடும் இடது வளைவும் சேரும்போது மட்டும் வரும் பழுது என்பதே பாதி விடை. இடது வளைவில் காரின் எடையில் பெரும்பகுதி வலப்பக்கச் சக்கரங்களின் மேல்தான் சாய்கிறது.

இதை எழுதியே பட்டறையில் கொடுத்தேன். சர்வீஸ் அட்வைசர் அதைப் படிக்காமல் ஜாப் கார்டின் பின்னால் செருகிவிட்டு, "ட்ராக்கில் ஓட்டிய வண்டிக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது" என்பதை மட்டும் இரண்டு இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர்கள் ஸ்கேன் செய்தபோது வலது முன்சக்கர வேக சென்சாரைக் குறிக்கும் சி0040 என்ற கோட் வந்தது. அந்தக் கோடோடு, பழுது நேர்ந்த நொடியில் கார் என்ன வேகத்தில் ஓடியது, பேட்டரி மின்னழுத்தம் எவ்வளவு என்பன போன்ற தகவல்களும் மாட்யூலில் பதிந்திருக்கும். அவற்றைக் குறித்துக்கொள்ளாமலேயே கோடை அழித்துவிட்டார்கள். பட்டறைக்கு வண்டியைக் கொடுக்கும் முன் உங்கள் சொந்த ஸ்கேனரில் கோடைப் படித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "நான் சொல்லும்வரை கோடை அழிக்கக் கூடாது" என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். காரின் சோதனை இணைப்பில் செருகும் மலிவான ஓபிடி ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும் என்பதால், வாங்கும்போதே ஏபிஎஸ் மாட்யூலைப் படிக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

பிறகு டெக்னீஷியன் சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளவு பார்த்து, சென்சார் கெட்டுவிட்டது என்றார். இந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். பழைய வகை சென்சார்கள் வெறும் காந்தமும் கம்பிச்சுருளும்தான். அவற்றை ஓம் மீட்டரால் சோதிக்கலாம். என் காரில் இருப்பதோ மின்சாரம் கொடுத்தால் மட்டுமே இயங்கும் புதிய வகை. சக்கரம் சுழலச் சுழல, அதன் மின்னோட்டம் ஏறத்தாழ 7 மில்லியாம்பியருக்கும் 14 மில்லியாம்பியருக்கும் இடையே மாறிமாறித் துடிக்கும். மாட்யூல் எண்ணுவது அந்தத் துடிப்புகளைத்தான். அதை ஓம் மீட்டரில் சோதிப்பதால் எதுவும் தெரியாது, சென்சார் கெடவும் வாய்ப்புண்டு. புது சென்சார் போட்டார்கள். தடத்தில் அதே பழுது அதே வளைவில் வந்தது. மீண்டும் வண்டியைக் கொண்டுபோனதும் லிஃப்ட்டில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, "சிக்னல் வருகிறது, ஆகவே யூனிட்தான்" என்று முடிவுகட்டினார்கள்.

அந்தச் சோதனை ஏன் பயனற்றது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர், ஹப்போடு சேர்ந்து சுழல, சென்சார் படிக்கும் காந்த வளையத்தில் 48 வட-தென் துருவ இணைகள் என்று கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 670 துடிப்புகள் வர வேண்டும். கையால் சுற்றும்போது வருவது சில பத்துகள்தான். அதிலும் லிஃப்ட்டில் தொங்கும் சக்கரத்தின் மீது எடையும் இல்லை, சூடும் இல்லை. பழுது வருவதற்கான நிபந்தனைகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, பழுது இல்லை என்று சொல்வதை எப்படிச் சோதனை என்று ஏற்பது?

எஸ்டிமேட்டுக்குச் சம்மதிக்காமல் வண்டியை எடுத்து வந்தேன். இரண்டு முன்பக்க சென்சார்களும் ஒரே பாக எண் கொண்டவை என்பதால், அவற்றை இடம் மாற்றிப் போட்டேன். கோட் இடப்பக்கம் நகர்ந்தால் சென்சார் குற்றவாளி. நகராவிட்டால் ஒயரிங், காந்த வளையம், பேரிங் ஆகியவற்றில் ஒன்று. கோட் நகரவில்லை. ஒயரிங்கை அடுத்து பார்த்தேன். வலது சக்கரக் கூட்டின் உள்ளே இருந்த கனெக்டரில் ஒரு பின் பச்சை பூத்திருந்தது, சென்னை மழைக்காலத்தின் உபயம். அதைத் துடைத்து, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பிக்கொண்டே ஒயரை ஆட்டியும் இழுத்தும் பார்த்தபோது இணைப்பு ஒருமுறையும் அறுபடவில்லை. தடத்தில் ஓட்டினால் விளக்கு எரிந்தது.

உண்மையான திருப்பம் கிடைத்தது லைவ் டேட்டாவில். கார் நிறுவனத்துக்கென்றே உள்ள மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் தடத்தில் பதிவுசெய்தேன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஸ்கேனர் வழியாக வரும் தரவு மிக மெதுவானது, பட்டியலில் இருபது அளவைகளைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றும் எப்போதாவது ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். எஞ்சின் தொடர்பான அனைத்தையும் நீக்கிவிட்டு நான்கு சக்கர வேகங்களை மட்டும் விட்டதும் பதிவு நெருக்கமானது. லேப்டாப்பை இருக்கையில் இறுகக் கட்டி, பதிவை முன்கூட்டியே தொடங்கிவிட வேண்டும். ஓடும்போது அதைத் தொடவே கூடாது. வரைபடத்தில் மூன்று கோடுகள் ஒட்டியே சென்றன. வலது முன்சக்கரக் கோடு மட்டும், சூடேறிய பிறகு, இடது வளைவுகளில் செங்குத்தாகப் பூஜ்யத்துக்கு விழுந்து உடனே எழுந்தது. வலது வளைவுகளில் ஒருமுறையும் விழவில்லை. நொடியில் 120 கி.மீ. வேகத்திலிருந்து நின்று மறுபடி அதே வேகத்துக்கு வரும் சக்கரம் உலகில் இல்லை. மாட்யூல் பழுதாகியிருந்தால் வளைவின் திசையைப் பார்த்து அது பழுதாக வேண்டியதில்லை. அந்தப் படத்தைப் பார்த்த இரவு, பல வாரப் பாரம் இறங்கியது.

ஓட்டி முடித்து வந்த சூட்டிலேயே ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தபோது மெல்லிய ஆட்டம் கைக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் அதே சக்கரத்தில் ஆட்டம் ஏறக்குறைய இல்லை. பேரிங்கைச் சூட்டோடு சோதியுங்கள், ஆனால் கையுறை அவசியம். தடத்தில் பிரேக் டிஸ்க் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறக்கூடியது. ஹப்பைக் கழற்றி, அதன் பின்புற சீலில் பதிந்திருக்கும் காந்த வளையத்தின் மேல் காந்தப்புலத்தைக் காட்டும் பச்சை ஃபிலிமை வைத்துப் பார்த்தேன். நல்ல நிலையில் இருந்த பகுதியில் கறுப்பும் வெளிறிய பச்சையுமாகக் கோடுகள் சீப்பின் பற்களைப் போலச் சீராகத் தெரிந்தன. ஓரிடத்தில், விரல்நுனி அகலத்துக்கு, கோடுகள் ஒன்றோடொன்று கலங்கி மங்கிக் கிடந்தன. அங்கே சீல் உராய்ந்து பளபளத்தது. சுற்றிலும் பிரேக் பேடிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள் அப்பியிருந்தது. பேரிங் ஆடும்போது வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே உள்ள சிறு இடைவெளி விரிந்து, ஏற்கெனவே மங்கிய அந்த இடத்தைச் சென்சாரால் படிக்க முடியாமல் போயிருக்கிறது.

மாற்று ஹப் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். ஒரு கடையில், அளவெல்லாம் அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்து ஒரு ஹப்பைக் கொடுத்தார்கள். அளவு பொருந்தத்தான் செய்தது, காந்த வளையம்தான் இல்லை. அது ஏபிஎஸ் இல்லாத மாடலுக்கானது. நல்லவேளையாக ஃபிலிமைக் கையோடு கொண்டுபோயிருந்ததால் கடையிலேயே தெரிந்துவிட்டது. பில் போட்டபின் எலக்ட்ரிக்கல் பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். ஃபிலிம் இல்லாதவர்கள் சின்ன பேப்பர் கிளிப்பைக் கொண்டுபோகலாம். காந்த வளையம் இருக்கும் பக்கத்தில் அது இலேசாக ஒட்டும். தனியாக அழுத்திப் பொருத்தும் பேரிங் என்றால், வளையம் உள்ள பக்கம் சென்சாரைப் பார்த்தே அமைய வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் சிக்னலே வராது, மீண்டும் பிடுங்கினால் பேரிங் கெட்டுவிடும். கடைசியில் பாக எண்ணைக் கொடுத்து வரவழைத்தேன். பொருத்தும்போது காந்தத் தட்டையும் காந்த அடியுள்ள டயல் கேஜையும் வளையத்தின் அருகே கொண்டுபோகக் கூடாது. நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்கவும் விடாதீர்கள், டார்க் ரெஞ்ச்தான். மற்றபடி பொருத்துவது அரைநாள் வேலை.

இதனிடையே முதல் பட்டறை, நான் கேட்காமலேயே பிரேக் ஆயிலை மாற்றியிருந்தது. அதன் பிறகு பெடல் சாதாரணமாக உறுதியாகவும், ஏபிஎஸ் ஒருமுறை இயங்கியதும் பஞ்சாகவும் மாறியது. ஏபிஎஸ் யூனிட்டின் வால்வுகளுக்குள் சிக்கிய காற்று, அவை திறக்கும்போது வெளியே வந்து பெடலைக் கெடுக்கிறது. வழக்கமான முறையில் எத்தனை முறை ப்ளீட் செய்தாலும் (ஆயிலோடு காற்றை வெளியேற்றினாலும்) அது போகாது. ஸ்கேனர் மூலம் வால்வுகளையும் பம்பையும் இயக்கியபடியே ப்ளீட் செய்ய வேண்டும். ஆயிலைப் பொறுத்தவரை, டாட் 4 தரத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பின் 155 டிகிரிதான். நம் ஊர் ஈரப்பதத்தில் ட்ராக் காருக்குப் பழைய ஆயில் ஆபத்து. சிலிகான் அடிப்படையிலான டாட் 5 ஆயிலை ஏபிஎஸ் உள்ள காரில் ஊற்றவே கூடாது.

இதே பழுது என்று பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விளக்கு எதுவும் எரியாமல், பெடல் திடீரெனக் கல்லாக இறுகி, கார் நிற்க மறுத்தால் அது சென்சார் பழுதாக இருக்க வேண்டியதில்லை. மேடுபள்ளத்தில் சக்கரம் கனமிழந்த நொடியில் பெடலைச் சட்டென்று குத்தி மிதித்தால், தரையில் பிடிப்பே இல்லை என்று எண்ணி மாட்யூல் அழுத்தத்தைக் குறைத்துவிடும். கணநேரம் விட்டு, சீராக மீண்டும் அழுத்தினால் பெரும்பாலும் சரியாகும். மனம் அதற்கு இணங்காது என்பதால் பழகித்தான் வர வேண்டும். முன்பின் டயர்களின் சுற்றளவு விகிதம் கம்பெனி அளவிலிருந்து விலகியிருந்தாலும் ஏபிஎஸ் குழம்பும்.

பிட்டில் சிலர் ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டச் சொன்னார்கள். அதைச் செய்யாதீர்கள். இப்போதைய கார்கள் பலவற்றில் முன்பின் பிரேக் அழுத்தத்தைப் பகிர்வதும் அதே மாட்யூல்தான். அதை அணைத்தால் பின்சக்கரங்கள் முன்னதாக லாக் ஆகி, வேகமான பிரேக்கிங்கில் கார் சுழன்றுவிடும்.

புது ஹப் போட்ட பின், அமைப்பாளர்களின் அனுமதியோடு முதலில் மெதுவாகவும் பிறகு முழுச் சூட்டிலும் ஓட்டிப் பதிவுசெய்த வரைபடத்தில் நான்கு கோடுகளும் ஒன்றாகவே சென்றன. சிக்னலில் பெடல் உதறுவதும் நின்றுவிட்டது. வரைபடத்தை முதல் பட்டறைக்கு அனுப்பி, தவறாக மாற்றிய சென்சாரின் தொகையைக் கேட்டேன். உதிரிபாகத்துக்குக் கிடைக்காது, கூலியை மட்டும் திருப்பித் தருகிறோம் என்று பதில் வந்தது, பணமும் வந்து சேர்ந்தது. இடது ஹப்பும் அதே சூட்டையும் அதே தடத்தையும் கண்டதுதான் என்பதால், அடுத்த ட்ராக் டேக்கு முன் மாற்றுவதற்கு அதே பாக எண்ணில் இன்னொன்றுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.