படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரே

முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தால், சீட்டில் 'நின்றபடி, இரண்டு காலும்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த வார்த்தைகள் இல்லாமல் போனதில் எங்களுக்கு இரண்டு வாரம் வீணானது. பணமும் இரண்டு தடவை கட்டினோம்.

அம்மாவுக்கு 61 வயது. படி இறங்கும்போதெல்லாம் வலது முழங்காலில் வலி. பக்கத்துத் தெரு டாக்டர் 'முழங்கால் எக்ஸ்ரே' என்று மட்டும் எழுதினார். ஸ்கேன் சென்டரில் படுக்க வைத்து எடுத்தார்கள். பெரிய தேய்மானம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வலி மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் எலும்பு டாக்டரிடம் டோக்கன் போட்டு, நான்கு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "இது படுக்க வைத்து எடுத்தது. நிற்க வைத்து எடுத்துட்டு வாங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்ன காரணம் நியாயமானது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு தெரியாது. இரண்டு எலும்புக்கும் நடுவில் கறுப்பாகத் தெரியும் இடைவெளியை வைத்துத்தான் அது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கணிக்கிறார்கள். படுத்திருக்கும்போது உடம்பின் பாரம் மூட்டில் இறங்காது. அதனால் தேய்ந்த மூட்டுகூட நல்ல மூட்டு போலத் தெரியலாம்.

ஸ்கேன் சென்டர் கவுன்டரில் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். "சீட்டுல இருந்ததைத்தான் எடுத்தோம் சார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. முழுப் பணம் கட்டினோம். புதுப் படத்தில் மூட்டின் உள்பக்க இடைவெளி மெல்லிய கோடாகச் சுருங்கியிருந்தது.

என்னை உறுத்தியது அதற்கப்புறம் டாக்டர் சொன்னதுதான். எலும்பு எலும்போடு உரசாமல் காக்கிற வழவழப்பான உறையான அந்தக் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. காலை மடக்கி நீட்டி நடக்கும்போது பஞ்சு மாதிரி அமுங்கி விரிந்து, மூட்டுத் திரவத்திலிருந்துதான் சத்தை எடுத்துக்கொள்ளும். நரம்பும் கிடையாது என்பதால் தேயத் தொடங்கும்போது வலிக்காது. சுற்றியுள்ள சவ்வும் அடியிலுள்ள எலும்பும் பாதிக்கப்படும்போதுதான் வலி தெரிகிறது. நாங்களோ, வலிக்கிறதே என்று அம்மாவை ஐந்து மாதம் நடக்கவே விடாமல் உட்கார வைத்திருந்தோம்.

'ஜவ்வு தேஞ்சிருச்சு, ஆபரேஷன்தான்' என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். டாக்டர் இப்போதைக்கு வேண்டாம் என்றார். தேய்ந்தது திரும்ப வளராது, ஆனால் தொடைத் தசை பலமானால் மூட்டின் சுமை குறையும் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, காலை நீட்டியபடி மெல்லத் தூக்குவது என்று எளிய பயிற்சிகள்தான். முதல் வாரம் அம்மா முகம் சுளித்தார். விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன்.

ஏழாவது வாரம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு, கைப்பிடியைத் தொடாமல் இறங்கி வந்தார். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.