கத்திரிக்கா வத்தல் வாங்க காஸியான்டெப் போன கதை

இஸ்தான்புல்ல நாலு நாள் கால் தேய சுத்தியாச்சு, மிச்சம் இருக்குற ரெண்டு நாளைக்கு எங்க போறதுன்னு ரூம்ல ஒரு சின்ன பஞ்சாயத்து. எல்லாரும் போற மாதிரி கப்படோசியா போயி பலூன்ல ஏறலாம்னு நான். பலூன் காசுக்கு ஒரு ஊரையே சாப்பிட்டுட்டு வரலாம்னு ரங்கமணி, அதான் எங்க வீட்டுக்காரர். அவரு ஜெயிச்சாரு, ஏன்னா நான் பாக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்த மொசைக் (சின்னச் சின்னக் கல்லு பதிச்சுப் படம் போட்ட தரை) மியூசியமும் அதே ஊர்லதான் இருக்கு. அப்படித்தான் 2024 அக்டோபர்ல காஸியான்டெப்புக்கு ஃப்ளைட் ஏறினோம்.

துருக்கியோட தென்கிழக்கு ஓரம், சிரியா பார்டருக்குப் பக்கத்துல இருக்கு. ஊர்க்காரங்க வெறும் ஆன்டெப்னுதான் சொல்றாங்க, பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்னதுக்காக 1921ல குடுத்த பட்டம்தான் முன்னாடி இருக்குற காஸி. 2015ல யுனெஸ்கோ இந்த ஊரை உணவுக்கான படைப்பு நகரம்னு லிஸ்ட்ல சேத்துச்சு. ரங்கமணி ஃப்ளைட்ல இதையே மூணு தடவை சொன்னாரு.

போய் இறங்கினதும் முதல் வேலையா சொதப்பினோம். பெய்ரான்னு ஒரு ஆட்டுக்கறி சூப், அதுக்காகத்தான் இவ்ளோ தூரம். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு கடைக்குப் போயி நின்னா, அங்க இருந்த பெரியவர் எங்களைப் பாத்து சிரிச்சிட்டு காலி அண்டாவைச் சாய்ச்சுக் காமிச்சாரு, விரலை நீட்டி ஆறுன்னாரு. காலையில ஆறு மணிக்கு வரணுமாம். நம்ம ஊர்ல பாயாவும் இடியாப்பமும் விடிகாலையில தேடிப் போறவங்க இருக்காங்கல்ல, அதே கேஸ்தான்.

சரின்னு பசியோட பக்கத்துல ஒரு கடையில உக்காந்து அலி நாஸிக் சொன்னோம். கத்திரிக்காயைத் தணல்ல சுட்டு, தோலுரிச்சு மசிச்சு, பூண்டு போட்ட தயிர்ல கலந்து கீழ பரப்பி, மேல நெய்யில வதக்கின கறி. ஒரு வாய் வச்சதும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம், எங்க மாமியார் பண்ற சுட்ட கத்திரிக்கா தயிர்ப் பச்சடி, அதுக்கு மேல கறி வந்து உக்காந்திருக்கு, அவ்ளோதான். இத ஏன் நமக்கு இத்தனை நாளா தோணலன்னு ரங்கமணிக்கு ஒரே வருத்தம்.

சாயங்காலம் கோட்டைப் பக்கம். 2023 பிப்ரவரி 6ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி வந்த 7.8 நிலநடுக்கத்துல மதில் எல்லாம் சரிஞ்சு விழுந்த கோட்டை. கீழ ரோட்டுல நின்னு அண்ணாந்து பாத்தோம், ரொம்ப நேரம் எதுவும் பேசல. பக்கத்துல பசங்க சைக்கிள் ஓட்டிட்டிருந்தாங்க, ஒருத்தர் பிஸ்தா வறுத்து வித்துட்டிருந்தார்.

அங்கேருந்து நடந்தா பாக்கிர்ஜிலார் பஜார், அதாவது செம்புக்காரங்க தெரு. டொக் டொக்னு சுத்தியல் சத்தம் கேட்டுட்டே இருக்கு. ஒரு கடையில வயசானவர் ஒரு சட்டியை நெருப்புல காட்டி உள்பக்கம் ஈயம் பூசிட்டிருந்தார், இந்த வேலைக்கு என்ன பேருன்னு போன்ல மொழிபெயர்ப்பு வச்சுக் கேட்டா "கலாய்"ங்கிறார்! நாங்க சின்னப் புள்ளையா இருக்கறப்ப பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசலையோன்னு தெருவுல குரல் குடுத்துட்டு வருவாங்களே, அதே கலாய். நான் ஆச்சரியத்துல நின்னுட்டேன், ரங்கமணி மட்டும் "எனக்கு நீ தினமும் பூசுறியே"ன்னாரு. அந்தத் தெருவுக்குப் பக்கத்துலயே தஹ்மிஸ்னு 1630கள்லேருந்து பேர் சொல்ற காபிக்கடை, மெவ்லெவி சூஃபி மடத்துக்கு வருமானம் வரணும்னு கட்டினதாம். மெனென்கிச் காபி குடிச்சோம். பேருதான் காபி, உண்மையில காட்டுப் பிஸ்தா வகைப் பழத்தை வறுத்து அரைச்சுப் பால்ல காய்ச்சினது. அவருக்குப் புடிச்சது, எனக்குப் பிசின் வாசனையா இருந்துச்சு.

மறுநாள் அஞ்சே முக்காலுக்கு அதே பெய்ரான் கடை. ராத்திரி முழுக்க வெந்து நார் நாராப் பிச்ச கறி, அடியில கொஞ்சம் சோறு, பூண்டு, சிவப்பு மிளகாய், அதுல கொதிக்கிற சாறை ஊத்தி ஒவ்வொரு கிண்ணத்தையும் தனித்தனியா பெரிய தீயில வச்சு எடுக்குறாங்க. மேசைக்கு வந்தப்புறமும் கொதி அடங்கல. எலுமிச்சை பிழிஞ்சு, ரொட்டியைத் தோய்ச்சு... காரம் கம்மியான்னு கேட்ட சர்வரை ரங்கமணி பாத்த பார்வை இருக்கே! பாதியிலயே மூக்கு ஒழுக ஆரம்பிச்சிருச்சு அவருக்கு.

அதோட விட்டோமா, பக்கத்துலயே கத்மெர். துணி மாதிரி மெல்லிசா வீசி விரிச்ச மாவுல பாலாடை, பொடிச்ச பிஸ்தா, சர்க்கரை வச்சு மடிச்சு சுட்டது. கல்யாணம் ஆன மறுநாள் காலையில புதுப் பொண்ணு மாப்பிள்ளைக்கு இதத்தான் குடுப்பாங்களாம். எங்களுக்குப் பதினோரு வருஷம் லேட்டு.

மியூசியத்துல நான் நெனச்சது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. ஸியுக்மான்னு யூப்ரடீஸ் கரையில இருந்த பழைய ஊரு, 2000ல பிரெஜிக் அணையில தண்ணி ஏறி ஒரு பகுதி முங்கிடுச்சு, அதுக்குள்ள அவசர அவசரமா தோண்டி எடுத்த தரைகளைத்தான் 2011ல தொறந்த இந்த மியூசியத்துல வச்சிருக்காங்க. பணக்கார ரோமானிய வீடுகள்ல விருந்து சாப்பிட்ட கூடத்துத் தரை கூட இருக்கு. அதாவது இந்தப் பக்கத்து ஆளுங்க ரெண்டாயிரம் வருஷமா சோத்தை சீரியஸாத்தான் எடுத்திருக்காங்க. கடைசியா ஒரு இருட்டு ரூம், அதுல தனியா ஒரே ஒரு முகம், ஜிப்ஸி பொண்ணுன்னு பேரு, எந்தப் பக்கம் போனாலும் கண்ணு நம்மளையே பாக்குது. அவ கூட இருந்த 12 மொசைக் துண்டுகளை யாரோ திருடி வித்து, 1965ல அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டி வாங்கி, 2018லதான் திரும்ப வந்துச்சாம். மொசைக் பைத்தியமான நான் பத்து நிமிஷத்துல வெளிய வந்துட்டேன், சாப்பாட்டு ராமன் இருபத்தஞ்சு நிமிஷம் உள்ளயே நின்னாரு. என்னன்னு கேட்டா, "பயந்தவ பாக்குற மாதிரியும் இருக்கு, நம்மள மிரட்டுற மாதிரியும் இருக்கு"ன்னாரு.

பக்லாவா பத்தி சொல்லலைன்னா அடிப்பீங்க. துருக்கியில பிஸ்தாவுக்குப் பேரே ஆன்டெப் பருப்புதான், அதுல முழுசா பழுக்கறதுக்கு முன்னாடியே பறிச்ச பச்சைப் பருப்பைத்தான் பக்லாவாவுக்குப் போடுறாங்க, அந்த நிறம் அதுலேருந்து வர்றது. 2013ல ஐரோப்பிய யூனியன்ல புவிசார் குறியீடு வாங்கின முதல் துருக்கி சரக்கு இந்த ஆன்டெப் பக்லாவாதான். கவுத்துப் போட்டு அடிப்பக்கம் மேல்வாய்ல படற மாதிரி சாப்பிடணும்னு கடைக்காரர் சொல்லிக் குடுத்தார், கடிச்சா சருகு மிதிச்ச சத்தம் வரணும். வந்துச்சு. அரைக் கிலோ அங்கயே காலி.

கெளம்பறதுக்கு முன்னாடி பஜார்ல கொடி கொடியா தொங்கின, உள்ள குடைஞ்சு காய வச்ச கத்திரிக்காயை ஒரு சரம் வாங்கினேன், ஊற வச்சு உள்ள அரிசியும் கறியும் அடைச்சு டோல்மா பண்ணுவாங்க. ஊருக்கு வந்து மாமியார் கிட்ட ஆசையா எடுத்துக் குடுத்தேன். கையில வாங்கி, ஒண்ணைத் திருப்பித் திருப்பிப் பாத்து, மோந்தும் பாத்துட்டு, "இது கத்திரிக்கா வத்தல்தானேம்மா, மாடியில இன்னும் ஒரு டப்பா இருக்கே"ன்னாங்க.