காலேஜ் போனானா?

முதல் பட்டதாரி சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் இருக்கும் கேள்வி "கல்வித் தகுதி" மட்டும்தான். மகளுக்காக வந்திருந்த ஓர் அம்மா, அண்ணனின் கட்டத்தில் "பன்னெண்டாவது" என்றார். அதை டைப் அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கலாம். "காலேஜ் போனானா?" என்று ஏன் கேட்டேன்?

"போனான் தம்பி. இன்ஜினியரிங். ரெண்டாவது வருஷத்தோட நின்னுட்டான்."

"முதல் பட்டதாரி சலுகையில சேந்தானா?"

அம்மா மகளைப் பார்த்தார். மகள் ரேஷன் ஸ்மார்ட் கார்டில் அண்ணன் பெயர் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றாள். பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் மே, ஜூன் வந்தால் இந்தச் சான்றிதழ்தான். 60 ரூபாய் கட்டணம். கேன் நம்பர், அதாவது விண்ணப்பிப்பவரின் பதிவு எண், எடுக்க ஓடிபி வேண்டும். பதிவாகியிருக்கும் போன் நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவிடம் இருக்கும், அவர் ஷிப்டில் போனை எடுக்க மாட்டார். அது கிடைத்தபின் ஒவ்வொரு ஆவணத்தையும் 200 கேபிக்குள் சுருக்கி ஏற்ற வேண்டும். அங்கிருந்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), மண்டலத் துணை வட்டாட்சியர். நடுவில் எங்கு நின்றாலும் கலந்தாய்வுக்குச் சான்றிதழ் சரிபார்க்கும் தேதி நிற்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற சான்றிதழ்களுக்கு இருப்பதைக் காட்ட வேண்டும். இதற்கு இல்லாததைக் காட்ட வேண்டும். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், இரண்டு பக்கத் தாத்தா பாட்டி என யாருமே பட்டம் வாங்கவில்லை என்று காட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத தாத்தாவுக்கு டி.சி. எங்கிருந்து வரும்? உறுதிமொழிதான். டிப்ளமோ பட்டம் ஆகாது, அது தடையில்லை.

2010-11இல் இந்தச் சலுகை வந்தது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வி சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம் மட்டும் தள்ளுபடி. விடுதி, பஸ் எல்லாம் கைக்காசு. வருமான வரம்பு கிடையாது. வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அண்ணன் வாங்கிவிட்டால், அவன் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அது செலவானதுதான்.

அமெரிக்காவில் கூட்டரசின் உதவித் திட்டங்களில் 'முதல் தலைமுறை' என்றால் அப்பா அம்மா இளநிலைப் பட்டம் முடித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்; அண்ணன் கணக்கில் வருவதில்லை. இங்கே குடும்பம் என்பது ஒரே கணக்குப் புத்தகம். நியாயம் இருக்கிறது, நம் ஊரில் ஒருவன் படித்தால் வீட்டையே தூக்கிவிடுவான் என்ற நம்பிக்கையில் போட்ட விதி. தூக்காமல் வந்துவிட்டவனுக்குக் கட்டம் இல்லை.

நான் கேட்காமல் விட்டிருந்தால் மட்டும்? சேரும்போது மாணவியும் பெற்றோரும் கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் இந்தச் சலுகை வாங்கவில்லை என்று அந்த அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார். பொய் அவர் தலையில். அதனால் கேட்டது சரி. இப்படிச் சொல்லிக்கொள்ளும் போதெல்லாம் கடைக்காரர் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார்.

அதே வாரம்தான் வந்தார். கடைவீதியில் இரண்டு கடை. பத்தாவதோடு நின்றவர், வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை. மூத்த மகன் கடைசி வருஷம் இன்ஜினியரிங், மேனேஜ்மென்ட் கோட்டாவில். அந்த இடத்துக்குச் சலுகை கிடையாது; அதனால் அந்த வீட்டில் சலுகை செலவாகாமலே இருந்தது. இளையவனுக்குச் சான்றிதழ் வந்தது. எல்லாம் விதிப்படி. அவரிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்க அவசியமும் இருக்கவில்லை, காகிதங்களை வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து "இவ்வளவுதானே சார் வேணும்?" என்றார். கேட்கத் தோன்றாததற்குக் காரணம் அந்த அடுக்கா, அவர் சட்டையா?

அந்த அம்மாவிடம் கேட்கத் தோன்றியது மட்டும் எப்படி? அவர் தயங்கினார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், நான் கேட்டபிறகுதான் தயங்கினார்.

"போட்டுப் பாருங்க தம்பி, குடுத்தா குடுக்கட்டும்" என்றார். "பொறியியல், இடைநிற்றல்" என்று அடித்தேன். வி.ஏ.ஓ. விசாரித்தார், நிராகரிப்பு எஸ்எம்எஸ் வந்தது. அந்த 60 ரூபாய் திரும்பாது.

இந்த வருஷமும் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன், இப்போது எல்லாரிடமும். பணம் வாங்குவதற்கு முன்னால் கேட்கிறேன். சிலர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வீட்ல கேட்டுட்டு வர்றோம்" என்று கவரைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். திரும்பி வந்தவர்களும் உண்டு. "பன்னெண்டாவதுதான் சார், காலேஜ் எல்லாம் போகல" என்கிறார்கள். அடித்துக் கொடுக்கிறேன்.