நரைத்த தலையோடு முதல் ஆட்டம்

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஆண்ட்ரே இங்கிரமின் அந்த முதல் ஷாட்டை எத்தனை முறை பார்த்திருப்பேனோ, கணக்கே இல்லை. 2018 ஏப்ரல் 10, லாஸ் ஏஞ்சலஸ். அமெரிக்காவின் உச்சக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், லேக்கர்ஸ் அணியின் சட்டையில் முதல்முறையாகக் களமிறங்குகிறார். வயது 32. தலையில் நரை நன்றாகவே தெரிகிறது. பந்து கைக்கு வந்ததும் தயங்கவில்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றபடி எறிந்தார். உள்ளே!

அதற்கு முன் பத்து சீசன்கள், என்பிஏவுக்குக் கீழே இருக்கும் ஜி லீக்கில் 384 ஆட்டங்கள். இயற்பியல் பட்டதாரி. அங்கே சம்பளம் குறைவு என்பதால், இடையிடையே கணக்கு டியூஷனும் எடுத்திருக்கிறார். மனைவி, இரண்டு மகள்கள். இவ்வளவையும் சுமந்துகொண்டு ஒருவர் தினமும் பயிற்சிக்குப் போனார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அன்று 19 புள்ளிகள். மூன்று புள்ளி ஷாட் ஐந்தில் நான்கு விழுந்தது. அரங்கமே 'எம்விபி, எம்விபி' (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) என்று கத்தியது. எதிரணியான ஹூஸ்டனிடம் லேக்கர்ஸ் தோற்றது, சரி, அதை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?

நான் மாவட்ட அணித் தேர்வில் மூன்று முறை கடைசிச் சுற்றில் வெளியே வந்தவன். நேற்றும் இருட்டும்வரை பள்ளி மைதானத்தில் நூறு பந்து எறிந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.