அப்பா என்ற கட்டத்தில் ஒரு கோடு

தத்து மையத்தில் ஆற்றுப்படுத்துநராகச் சேர்ந்த புதிதில் பதிவேடு எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தையின் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் ‘தந்தை பெயர்’ என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட வேண்டும். பல வருடம் அந்தக் கோட்டை யோசிக்காமலே போட்டிருக்கிறேன்.

விதி அப்படித்தான். கணவனும் மனைவியும் குழந்தையை ஒப்படைத்தால் சரண்டர் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். திருமணம் ஆகாமல் பிறந்த குழந்தையைத் தாய் மட்டுமே ஒப்படைக்க முடியும். அந்தத் தாய் மைனர் என்றால் கூட வந்த பெரியவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். குழந்தைகள் நலக்குழு முன்னால் பத்திரம் எழுதியதிலிருந்து மனம் மாற 60 நாள் அவகாசம். அது முடிந்ததும், குழந்தையைத் தத்துக் கொடுக்கச் சட்டப்படி தடையில்லை என்று குழு அறிவித்துவிடும். இதற்கிடையில் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்கள் மையத்தில் யாரும் நினைத்ததில்லை. நானும்தான்.

2019-ல் ஒரு பையன் வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. “என் குழந்தைய இங்க குடுத்திருக்காங்கன்னு கேள்விப்பட்டேன் மேடம்” என்றார். பெண்ணின் பெயரையும் பிரசவமான தேதியையும் சொன்னார். எந்தக் கோப்பு என்று எனக்குப் புரிந்துவிட்டது. பத்திரம் எழுதி அன்றைக்கு 71-வது நாள். ஆனால் குழந்தை இருக்கிறது என்றோ இல்லை என்றோ நான் வாய் திறக்கக் கூடாது.

பையிலிருந்து லேமினேஷன் செய்த அட்டை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். முழுக்கக் கறுப்பு. ஐந்தாம் மாத ஸ்கேன் படமாம். நாளாக நாளாக மங்குகிறதே என்று பத்திரப்படுத்தக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் சூடு பட்டால் கறுத்துப்போகும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஓரத்தில் மட்டும் மெல்லிசாக வெள்ளை மிச்சமிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, “இங்க தலை இருந்துச்சு மேடம்” என்று விரல் வைத்துக் காட்டினார்.

குழுவுக்கு மனு எழுதச் சொன்னேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று விலாசம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை விசாரணைக்குப் போனார். கல்யாணத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். அவரிடம் அது எப்படி இருக்கும்? அதற்குள் குழந்தை வேறொரு தம்பதியின் வீட்டுக்குப் போயிருந்தது. மூன்றாவது முறை அவர் வரவில்லை. பதினோரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த 60 நாள் கணக்கை அவருக்கு யார் சொன்னார்கள்?

இதை எழுதும்போதே இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். கூட நான்கு பேரை அழைத்துக்கொண்டு வந்து, பெண்ணின் விலாசத்தைக் கொடு என்று கத்தியவர். குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட அவர் கேட்கவில்லை. தாயின் ரகசியத்தைச் சட்டம் இவ்வளவு இறுக்கமாகக் காப்பது எதற்கு என்று அன்றைக்கு நன்றாகவே புரிந்தது. கல்யாணமாகாத தாய் தன் குழந்தைக்குக் காப்பாளராக, தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பாமலே மனுச் செய்யலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரியான தீர்ப்பு. அதில் ஒரு நூலளவுகூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

ஆனால் 60 நாளுக்குள் தானாக வந்து, “நான் வளர்க்கிறேன்” என்று சொல்கிற ஆளை வாசலோடு அனுப்புவது வேறு விஷயம். 2021-ல் கேரள உயர் நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கைப் பார்த்தது. சேர்ந்து வாழ்ந்த ஜோடி பிரிந்த நேரத்தில் தாய் தனியாகக் குழந்தையை ஒப்படைத்துவிட்டார். அப்புறம் இருவரும் சேர்ந்தே நீதிமன்றம் போனார்கள். சேர்ந்து வாழ்ந்தவர்களின் குழந்தையை, ஒப்படைப்பு விஷயத்தில் மணமானவர்களின் குழந்தையாகத்தான் கருத வேண்டும், பெற்றவரின் உரிமை இயல்பான உரிமை என்று நீதிபதிகள் சொன்னார்கள். படித்தபோது அந்தக் கறுப்பு அட்டைதான் கண்முன் வந்தது. அந்தப் பையன் அவளோடு ஒரே வீட்டில் இருந்தாரா என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வருகிறவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கலாம். டி.என்.ஏ. பரிசோதனை செய்யலாம். அவர் வீட்டு நிலைமையை விசாரிக்கலாம். தாய் இருக்கும் இடம் அவருக்குத் தெரியாமலே இதையெல்லாம் செய்ய முடியும். தத்தெடுக்கிறவர்களுக்கும் இதுதான் நல்லது. ஒரு வருடம் வளர்த்த பிறகு வழக்கு வந்தால் அவர்கள் படும் பாடு கொஞ்சமா?

இப்போதெல்லாம் பத்திரத்துக்கு முந்தைய ஆலோசனையில் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்கிறேன். “அவருக்கு இது தெரியுமா?” குற்றத்தால் பிறந்த குழந்தை என்றால் இதைக் கேட்கவே மாட்டேன். மற்றவர்களிடமும் ஒரே ஒரு தடவைதான். பதில் வராவிட்டால் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன்.

போன மாதம் ஒரு பெண்ணிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். “குழந்தை பொறந்ததே அவனுக்குத் தெரியாது மேடம்” என்றாள். அப்புறம், “என் போன் அம்மாகிட்ட இருக்கு. உங்க போன்ல ஒரு தடவை பேசிக்கட்டுமா?”

போனை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நின்றேன்.