மணலா, பவளமா?

இன்று காலை கோவளத்தில் அலைச்சறுக்குப் பழகப் போய், பதினோரு முறை விழுந்தேன். எண்ணியது நான் இல்லை, கரையில் டீ குடித்துக்கொண்டிருந்த மச்சான்.

பன்னிரண்டாவது தடவை பலகை மேல் நின்றேன். மூன்று விநாடி இருக்கும்.

"காலைப் பாக்காதீங்கண்ணா, கரையைப் பாருங்க" என்றான் சொல்லிக்கொடுக்கும் மீனவத் தம்பி. கரையைப் பார்த்தேன். மச்சான் சிரித்தான். விழுந்தேன்.

அந்த மூன்று விநாடி தெம்பில், ஈசிஆர் ஓரத்திலேயே மாலத்தீவுத் திட்டம் தொடங்கிவிட்டது.

நாலு பேர். ஒருவன் அலையில் வெட்டித் திரும்புவான். இன்னொருவனுக்கு நீச்சலே தெரியாது. கேட்டால், "லைஃப் ஜாக்கெட் இருக்குல்ல?"

துலுஸ்தூ தீவில் கோக்ஸ் என்றொரு அலை. பக்கத்தில் கோகோ கோலா ஆலை, அதனால் அந்தப் பெயர். பார்க்க அழகுதான், ஆனால் அடியில் பவளப்பாறை. நான் விழுகிற லட்சணத்துக்கு முதுகில் தோல் மிஞ்சாது.

அப்புறம் இலங்கை, வெலிகம என்று இறங்கி வந்தோம். அடியில் மணல், அலையும் பொறுமைசாலி. வெட்டித் திரும்புபவனுக்குப் பக்கத்திலேயே மிதிகம. தெற்குக் கரைக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் பருவம், அதற்குப் பிறகென்றால் கிழக்கே அறுகம்பே.

சரி, ஜனவரி.

லைஃப் ஜாக்கெட்காரன் நாளை முதல் மெரினா நீச்சல் குளத்துக்குப் போகிறானாம். பார்ப்போம்.