லேப்டாப் வாங்க நண்பரிடம் யோசனை கேட்கும் முன்

"எந்த லேப்டாப் நல்லா இருக்கும்?" என்று நண்பர்கள் குழுவில் ஒரு வரி போட்டால் பத்து நிமிடத்தில் ஆறு பதில் வரும். கேம் ஆடுகிறவருக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதது லேப்டாப்பே கிடையாது. நிரல் எழுதுகிறவர் "மேக்புக்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார். ஏழு வருடத்துக்கு முன் கடைசியாக வாங்கியவர் "ஐ7 எடு, கண்ணை மூடிக்கிட்டு" என்பார். லினக்ஸ்காரர் பழைய திங்க்பேடைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. கேட்டவரின் வேலை என்னவென்று கேள்வியில் இல்லாததால், ஆளாளுக்குத் தம் வேலையை அங்கே வைத்துப் பதில் சொல்லிவிட்டார்கள்.

அதனால் கேட்கும் முன் கொஞ்சம் வீட்டுப்பாடம் இருக்கிறது. பட்ஜெட்டின் மேல்வரம்பு, தினமும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா அல்லது மேசையிலேயே கிடக்குமா, எத்தனை வருடம் ஓட்டப்போகிறோம், என்னென்ன மென்பொருள் என்று பெயரோடு ஒரு பட்டியல். "ஆபீஸ் வேலைதான்" என்பது பதிலாகாது. ஐந்நூறு வரிசை உள்ள எக்செல் கோப்பும் மூன்று லட்சம் வரிசை உள்ளதும் ஒரே மென்பொருளில்தான் திறக்கின்றன. அவை கேட்கிற இயந்திரம் வேறு.

இதோடு ஓர் எண்ணையும் எடுத்துக்கொண்டு போங்கள். இப்போது கையில் விண்டோஸ் கணினி இருந்தால், வழக்கமாகச் செய்கிற வேலை எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். பிரௌசரில் மூட மனசு வராத அந்த முப்பது டேப்பும் சேர்த்துத்தான். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். கீழே "கமிட்டட்" என்று 11.4/15.8 மாதிரி இரண்டு எண் நிற்கும். இடப்பக்க எண்தான் நமக்கு வேண்டியது. திறந்திருக்கும் நிரல்கள் கேட்டு வாங்கி வைத்திருக்கும் மொத்த நினைவகம் அது. உங்கள் ரேம் (ஓடும் நிரல்கள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) 8 ஜிபி, அந்த எண் 11 என்றால், ரேமில் இடம் பற்றாதபோதெல்லாம் விண்டோஸ் டிஸ்க்குக்கும் ரேமுக்கும் நடுவே தரவைத் தூக்கிப் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. டேப் மாற்றும்போது ஒரு நொடி உறைகிறதே, பெரும்பாலும் அதுதான் காரணம். எண் 10, 11 என்றால் 16 ஜிபி போதும். 14ஐத் தாண்டினால் 32 பக்கம் பாருங்கள். இந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினால் நண்பர் கேட்கவிருக்கும் பாதிக் கேள்வி தானாக அடங்கிவிடும்.

வருகிற யோசனைகளைச் சலிக்க நல்ல சல்லடை ஒன்றுதான்: இதை வாங்கிய பிறகு மாற்ற முடியுமா? திரை, விசைப்பலகை, ப்ராசசர், எடை, ஒயர் செருகும் துளைகள், இவற்றோடு வாழ்க்கை முடியும்வரை குடும்பம் நடத்த வேண்டும். கோப்புகள் தங்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டியைப் பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் நாலு திருகு கழற்றி மாற்றிவிடலாம். ரேம் இரண்டு கட்சியிலும் இருக்கும். காசு குறைவாக இருந்தால், மாற்ற முடியாததற்கு முதலில் செலவழித்து, மாற்றக்கூடியதில் சிக்கனம் பிடிப்பதுதான் புத்தி. நண்பர்களின் பட்டியல்கள் வழக்கமாக இதற்கு நேரெதிராக இருக்கும். 1 டிபி எஸ்எஸ்டி இருக்கிறது என்பதற்காக மங்கலான திரையைச் சிபாரிசு செய்வார்கள்.

ரேமில் ஏமாறுவது எப்படி என்றால், விவரப் பட்டியலில் "எல்பிடிடிஆர்" என்று தொடங்கினால் அது ஏறக்குறைய எப்போதும் போர்டிலேயே பற்றவைத்தது. 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். வெறும் "டிடிஆர்4", "டிடிஆர்5" என்றால் ஸ்லாட் இருக்க வாய்ப்புண்டு, ஆனால் உறுதியில்லை. சில மாடலில் 8 ஜிபி பற்றவைத்து, பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலியாக விட்டிருப்பார்கள். இது மோசமில்லை, இன்னொரு 8 செருகினால் இரட்டைச் சேனலும் கிடைக்கும், அதாவது இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தரவு ஓடும். தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒற்றை 16 ஜிபி பட்டையைவிட இரண்டு 8 ஜிபி பட்டை அதற்கு வேகமான வழி. வாங்கிச் செருகும்போது தலைமுறையைக் கவனியுங்கள். லேப்டாப்புக்கான டிடிஆர்4 பட்டைக்கு 260 ஊசி, டிடிஆர்5க்கு 262, வெட்டு இருக்கும் இடமும் வேறு. மாற்றிச் செருக முடியாது, அழுத்தினால் உடைவது ஸ்லாட்தான். மேக்புக் என்றால் இந்தப் பேச்சே இல்லை. ரேமையோ எஸ்எஸ்டியையோ பிறகு கூட்ட முடியாது என்று எடுத்துக்கொண்டு முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்.

ப்ராசசர் விஷயத்தில்தான் "ஐ7 எடு" யோசனை அதிகம் சறுக்குகிறது. இன்டெலின் 12ஆம் தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். கோர் என்பது ப்ராசசருக்குள் கணக்குப் போடும் தனி அலகு. ஐ5-1235யூவில் வேகக் கோர் 2, சிக்கனக் கோர் 8. ஐ7-1255யூவிலும் அதே 2, அதே 8. உச்ச வேகம் மட்டும் 4.4லிருந்து 4.7 கிகாஹெர்ட்ஸ் ஆகிறது. ஐ5-12500எச்சிலோ வேகக் கோர் 4, சிக்கனக் கோர் 8. வீடியோ ரெண்டர் மாதிரி எல்லாக் கோரையும் கேட்கிற வேலையில் இந்த ஐ5, அந்த ஐ7ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். முன்னால் இருக்கும் 5, 7ஐவிடக் கடைசி எழுத்து முக்கியம். யூ என்றால் மெல்லிய உடல், அடிப்படை 15 வாட் அளவில். எச் என்றால் 45 வாட், கனமான உடல், சத்தமான விசிறி, சீக்கிரம் தீரும் பேட்டரி. எச்எக்ஸ் என்றால் மடியில் வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியில் இன்னும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2022-23இல் வந்த ரைசன் 7000 வரிசை லேப்டாப் சில்லுகளில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். ரைசன் 5 7520யூ: மூன்றாவது இலக்கம் 2, அதாவது 2019இல் அறிமுகமான ஜென் 2, நாலே கோர். ரைசன் 5 7530யூ: ஜென் 3, ஆறு கோர். 7540யூ: ஜென் 4. பெட்டியின் மேல் மூன்றிலும் "ரைசன் 5" என்றுதான் ஒட்டியிருக்கும். விளம்பரத்திலும் "7000 வரிசை" என்றுதான் போட்டிருக்கும். முழு எண்ணைக் கேட்காமல் ரைசன் 5 நல்லது என்று சொல்கிற நண்பரிடம் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

முழு எண் தெரிந்தும் ஒரு விஷயம் மிச்சம். ஒரே சில்லு இரண்டு உடம்பில் இரண்டு விதமாக ஓடும். வெப்பம் வெளியேற வழியில்லாத மெல்லிய உடலில் முதல் இரண்டு நிமிடம் பறந்துவிட்டு, சூடு ஏறியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விமர்சனம் பார்த்தால், ப்ராசசர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்சை ஒரு முறை ஓட்டிக் காட்டுவதை நம்பாமல், தொடர்ந்து பத்து முறை ஓட்டிய கடைசி மதிப்பெண்ணைத் தேடுங்கள்.

திரைக்கு வருவோம். நாள் முழுக்கப் பார்க்கப்போவது இதைத்தான், ஆனாலும் நண்பர்கள் குழுவில் இதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்க மாட்டார். விவரப் பட்டியலில் "250 நிட்ஸ், 45% என்டிஎஸ்சி" என்று இருந்தால் (நிட்ஸ் திரையின் வெளிச்சம், என்டிஎஸ்சி அது காட்டும் நிறங்களின் அளவு) அது அந்த மாடலில் காசு மிச்சம் பிடித்த இடம். சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், தோல் நிறம் வெளிறும், ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்க வேண்டும். 300 நிட்ஸ் குறைந்தபட்சம், வெளிச்சத்தில் உட்காருகிறவருக்கு 400. நிறத்துக்கு "100% எஸ்ஆர்ஜிபி" என்ற வரியைத் தேடுங்கள், சில பட்டியலில் அதையே "72% என்டிஎஸ்சி" என்று எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை அழகுதான். ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கும்போது பல ஓஎல்இடி திரைகள் வேகமாக அணைந்து எரிந்துதான் குறைக்கின்றன. சிலருக்கு அதில் தலைவலி வரும். வாங்கும் முன் ஒரு பத்து நிமிடம் குறைந்த வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள்.

தமிழ் படிக்கிறவருக்கு இன்னொரு சோதனை உண்டு. 15.6 அங்குலத் திரையில் 1366×768 என்றால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 புள்ளி. அதே அளவில் 1920×1080 என்றால் 141. 14 அங்குலத்தில் 157. ஆங்கில எழுத்து 100 புள்ளியிலும் தப்பித்துவிடும். நம் எழுத்துக்குச் சுழி அதிகம். "ண"வின் மூன்று சுழியும் "ன"வின் இரண்டு சுழியும் சின்ன எழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புக் கட்டியாகிவிடும், மேலே "ணி", "னி" என்று மேல்விலங்கு வந்தால் கேட்கவே வேண்டாம். கடையில் ஏதாவது தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, பெரிதாக்காமல், உட்காரும் தூரத்திலிருந்து படியுங்கள். சுழியை எண்ண முடிந்தால் திரை தேறியது. பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் பாருங்கள். நிறம் தலைகீழாக மாறினால் அது டிஎன் என்ற பழைய மலிவு வகைத் திரை, இன்றைக்கு அதை வாங்க நியாயமே இல்லை. 1920×1080க்கும் 1920×1200க்கும் ஒரே விலை என்றால் இரண்டாவதை எடுங்கள். கூடுதலான 120 வரி, ஒவ்வொரு ஆவணத்திலும் மூன்று நாலு வரி கூடுதலாகக் காட்டும்.

பேட்டரியில் "10 மணி நேரம்" என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, கொள்ளளவைச் சொல்லும் வாட்-ஹவர் எண்ணைப் பாருங்கள். வகுத்தல் கணக்குதான். 50 வாட்-ஹவர் பேட்டரி, பிரௌசரும் வைஃபையுமாக 8 வாட் இழுத்தால் ஆறேகால் மணி நேரம். வீடியோ அழைப்பில் 15 வாட் போனால் மூன்று மணி இருபது நிமிடம். நண்பர் சொல்லும் எச் வகையில் அதே 50 வாட்-ஹவர் இருந்தால் ஒரு மதியம் தாண்டுவதே கஷ்டம். மேசையிலேயே செருகிக் கிடக்கிற லேப்டாப்பாக இருந்தால், நிறுவனத்தின் செயலியில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள். எப்போதும் 100இல் நின்று சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் உப்பும்.

தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியவருக்கு ஒரே எச்சரிக்கை. லேப்டாப்பில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற பெயர் 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். மாடலின் வாட் தெரியாமல் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். கேமோ, 3டியோ, வீடியோ எடிட்டிங்கோ, கணினியில் ஏஐ மாடல் ஓட்டுவதோ இல்லையென்றால் அந்தக் காசைத் திரைக்குத் திருப்புங்கள்.

எஸ்எஸ்டி பற்றிச் சுருக்கமாக: இஎம்எம்சி என்ற மலிவு வகைச் சேமிப்பு என்று எழுதியிருந்தால் வேண்டாம், அதுவும் பற்றவைத்தது, வேகமும் குறைவு. வேகமான எஸ்எஸ்டி வகையான என்விஎம்இ என்றால் சரி. 512 ஜிபி விண்டோஸில் 476 என்று காட்டும், எண்ணும் முறை வேறு என்பதால், யாரும் திருடவில்லை. பிறகு பெரிதாக மாற்றுவதாக இருந்தால் நீளத்தைக் கேட்டு வையுங்கள். 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42. சின்ன இடத்தில் பெரிய பட்டை உட்காராது. மாற்றும் நாளில் மறக்கக் கூடாதது, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே பல லேப்டாப்கள் சத்தமில்லாமல் டிஸ்க்கைப் பூட்டிவிடுகின்றன. சாவி இல்லாமல் பழைய டிஸ்க்கை வேறு கணினியில் திறக்க முடியாது.

டைப்-சி துளைகள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், குணம் ஒன்றல்ல. ஒன்று சார்ஜ் ஏற்றும், ஒன்று மானிட்டருக்குப் படம் அனுப்பும், ஒன்று வெறும் பென்டிரைவுக்கு. மூன்றும் செய்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே மானிட்டரில் நொடிக்கு 30 சட்டகம்தான், மவுஸ் இழுவையாக நகரும்.

பழையது வாங்குவதானால், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் குறைந்தது 8ஆம் தலைமுறையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அதற்குக் கீழே உள்ளதை லினக்ஸ்கார நண்பர் உடன் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

இவ்வளவும் பார்த்து இரண்டு மூன்று மாடலாகக் குறைத்த பிறகுதான் நண்பர்களிடம் இரண்டாம் சுற்று போக வேண்டும். வரிசைப் பெயரை அனுப்பாமல், பெட்டியில் இருக்கும் நீண்ட மாடல் எண்ணை அப்படியே அனுப்புங்கள். ஒரே வரிசைப் பெயரில் நாலு விதத் திரை, மூன்று வித ரேம் இருக்கும். கேள்வியையும் மாற்றுங்கள்: "இதில் எது முதலில் கெடும்?" இருபது வீடியோ பார்த்தவரைவிட, அதே மாடலை ஒரு வருடம் வைத்திருப்பவர் சொல்லும் ஒரு வரி பெரிது. கீல் தளர்ந்ததா, விசிறி இரைகிறதா, எந்த விசை தேய்ந்தது, சர்வீஸுக்குக் கொடுத்தால் எத்தனை நாள் என்பதெல்லாம் விவரப் பட்டியலில் வராது.

வீட்டுக்கு வந்ததும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். அடியில் இருக்கும் மாடல் எண் பில்லோடு பொருந்துகிறதா? டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ரேம் அளவும் எத்தனை ஸ்லாட் என்பதும் சொன்னபடி இருக்கிறதா? திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக நிரப்பி, செத்த புள்ளி இருக்கிறதா பாருங்கள். கறுப்பை இருட்டறையில் பார்த்தால் ஓரத்தில் ஒளி கசிவதும் தெரியும். ஒவ்வொரு விசை, ஒவ்வொரு துளை, கேமரா, மைக், இரண்டு ஸ்பீக்கர். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால், வடிவமைப்புக் கொள்ளளவும் முழு சார்ஜ் கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் வரும். புதியதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சார்ஜ் சுழற்சி 40 என்று காட்டினால் அது யாரோ பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்தது.

முதல் ஓரிரு மணி நேரம் விசிறி இரைந்தால் பதற வேண்டாம். அப்டேட் இறங்குவதும் கோப்புகளை அட்டவணையிடுவதும் பின்னால் நடந்துகொண்டிருக்கும். மறுநாளும் சும்மா இருக்கையில் இரைந்தால், டாஸ்க் மேனேஜரில் சிபியூ தலைப்பைச் சொடுக்கி, உச்சியில் எது நிற்கிறது என்று பார்த்து, அந்தப் படத்தை நண்பருக்கு அனுப்புங்கள்.